எண்ணின காத்தை வெளிய விட்டா பெட்ரோல் கணக்கு தப்பும்: பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ல பிஓவி அனுபவம்

டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் திணிக்குற விசிறி) இருக்க பெட்ரோல் வண்டி வச்சிருக்கவங்க நாலு பேர் சேர்ந்து பிஓவி (ப்ளோ ஆஃப் வால்வ், ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்போ அழுத்தின காத்தை வெளிய விடுறது) பத்திப் பேச ஆரம்பிச்சா ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடுவாங்க. ஒருத்தர் "அதைப் போட்டா மிக்ஸர் ரிச் ஆகிடும் (காத்தும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில பெட்ரோல் கூடிடும்), பெட்ரோல் குடிக்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் பண்ணுற பாகம்) காலி"ம்பார், இன்னொருத்தர் "நான் வருஷக்கணக்கா போட்டு ஓட்டிட்டு இருக்கேன், ஒண்ணுமே ஆகல"ம்பார். ரெண்டு பேருமே பொய் சொல்லல. ரெண்டு வண்டியும் காத்தை அளக்குற விதம் வேற, சண்டையே அங்கதான் இருக்கு, ஆனா அதைப் பத்தி ரெண்டு பேருமே பேச மாட்டாங்க.

என் கையில வந்தது செகண்ட் ஹேண்ட் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2004ல நம்ம நாட்டுல விட்டாங்க, 1.8 லிட்டர், 20 வால்வ், டர்போ, 150 பிஎஸ், 210 நியூட்டன் மீட்டர் டார்க், 5 கியர் மேனுவல். அப்பல்லாம் டர்போ பெட்ரோல்ங்கிறதே நம்ம ரோட்டுல அபூர்வம். கோயம்புத்தூர்ல வண்டியைக் காட்டினவர் பானட்டைத் தூக்கினதும் முதல்ல காட்டினது இன்ஜினை இல்ல, பளபளன்னு நீலக் கலர்ல இருந்த ஒரு அலுமினிய பிஓவியைத்தான். ரெண்டாவது கியர்ல இருந்து மூணாவதுக்குப் போறப்ப "ப்ஷ்ஷ்ஷூ"ன்னு ஒரு சத்தம், ரோட்டோரம் டீ குடிச்சிட்டு இருக்கவங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க. சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு, அதுல மாற்றுக் கருத்து இல்ல.

பிரச்சனை என்னன்னா வண்டி ரெண்டு விதமா நடந்துக்கிச்சு. அவிநாசி ரோட்டுல கொஞ்சம் வேகமா வந்து சிக்னலுக்காக ஆக்சிலரேட்டரை விட்டு கிளட்சை மிதிச்சா ஆர்பிஎம் 500க்குக் கீழ விழுந்து ஒரு குலுக்கு குலுக்கும், சில சமயம் அப்படியே ஆஃப் ஆகிடும். கியர் மாத்தி திரும்ப மிதிச்சா ஒரு நொடி தொண்டையில ஏதோ மாட்டின மாதிரி இழுக்காது, பின்னாடி சைலன்சர்ல "டப்"புன்னு ஒரு வெடி. சைலன்சர் வாயில விரலை விட்டு எடுத்தா மை அப்பின மாதிரி கரி, வண்டியை நிறுத்திட்டு இறங்கினா பெட்ரோல் வாடை. சிட்டிக்குள்ள மைலேஜ் 7 தாண்டாது. இதெல்லாம் ரிச் வண்டியோட லட்சணம். ஆனா சும்மா நியூட்ரல்ல நிறுத்தி வச்சா ஐடில் 700க்கும் 1000க்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கும், ஸ்கேனர்ல போட்டா பி0171, அதாவது லீன், பெட்ரோல் கம்மின்னு எரர் கோடு வருது!

வாடை ரிச், கம்ப்யூட்டர் லீன். நான் விட்ட ஒர்க்‌ஷாப்ல இதைப் பாத்துட்டு "சென்சார் பொய் சொல்லுது சார்"னு ஆக்சிஜன் சென்சாரை மாத்துனாங்க. அப்புறம் பிளக். அப்புறம் இக்னிஷன் காயில் நாலும். அப்புறம் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள்ள காத்தை விடுற, அடைக்குற மூடி) கிளீனிங். பில்லு ஏறுச்சே தவிர வண்டி மாறல. பிளக்கைக் கழட்டினப்ப கரி பிடிச்சிருந்தது உண்மைதான், அதனால புது பிளக் போட்டதும் ஒரு வாரம் நல்லா ஓடுச்சு, அந்த ஒரு வாரம்தான் எல்லாரையும் ஏமாத்துறது.

இதுக்கு நடுவுல ஊட்டி போனோம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுறப்ப ஒவ்வொரு ஹேர்பின்லயும் கியர் மாத்துறதால அந்த குலுக்கல் வழக்கம் போல இருந்துச்சு. ஆனா ஊட்டியில போயி நிறுத்தினா ஐடில் ஆடவே இல்ல, முள்ளு 800 பக்கத்துல அப்படியே நின்னுச்சு. திரும்ப கோவைக்கு இறங்கினதும் மறுபடி ஆட்டம். குளிருக்கு நல்லா இருக்கும் போலன்னு வீட்ல சொன்னாங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன். இந்த ஊட்டி விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வருது.

கடைசியா ஒரு நண்பர் சொல்லி கோவையில கணபதி ஏரியா பக்கம் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன், ராலி வண்டிகளுக்கு வேலை பாத்தவர். வண்டியை ஐடில்ல விட்டுட்டு பானட்டைத் திறந்தார், அந்த நீல வால்வைப் பாத்தார், சிரிச்சார். உள்ள போயி சாமி படத்துக்கு முன்னாடி எரிஞ்சிட்டு இருந்த ஊதுபத்தியை எடுத்துட்டு வந்து பிஓவியோட வாய்கிட்ட பிடிச்சார். புகை மேல போகல. வால்வுக்குள்ள நூல் மாதிரி இழுத்துட்டுப் போச்சு. அப்புறம் உள்ளங்கையால அந்த வாயை அடைச்சார், ஐடில் அந்த நொடியே அடங்கிடுச்சு, கையை எடுத்தார், மறுபடி ஆடுச்சு. "இதென்ன தம்பி, எண்ணி வாங்குன காத்தை வெளிய விடுறீங்க, எண்ணாத காத்தை உள்ள விடுறீங்க, இசியு பாவம் என்னதான் பண்ணும்"னார். இசியுன்னா பெட்ரோல் அளவை முடிவு பண்ணுற இன்ஜின் கம்ப்யூட்டர். (ஊதுபத்தி டெஸ்ட்டை நீங்க பண்ணுறதா இருந்தா பெட்ரோல் லீக் எதுவும் இல்லன்னு பாத்துட்டுப் பண்ணுங்க. உள்ளங்கை போதும், இழுக்கிறது கையிலயே தெரியும்.)

அவர் சொன்ன அந்த ஒரு வரியை இப்ப பிரிச்சு சொல்றேன்.

இந்த 1.8 டர்போ இன்ஜின்ல ஏர் ஃபில்டர் பாக்ஸை ஒட்டி மாஃப் சென்சார் இருக்கு. ஃபில்டர் தாண்டி உள்ள போற காத்து நொடிக்கு எத்தனை கிராம்னு அது அளந்து இசியுக்கு சொல்லும், இசியு அந்தக் கணக்குக்கு ஏத்த பெட்ரோலை இன்ஜெக்டர்ல விடும். சாதாரண ஓட்டத்துல ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காத்து. கல்யாணப் பந்தியில வாசல்ல தலையை எண்ணி உள்ள இலை போடச் சொல்ற மாதிரிதான், எண்ணின ஆளுங்க பக்கவாட்டு கதவு வழியா எழுந்து போயிட்டா இலையும் சோறும் மிஞ்சும்.

அந்தப் பக்கவாட்டு கதவுதான் பிஓவி. நீங்க பூஸ்ட்ல, அதாவது டர்போ காத்தை அழுத்திக் குடுக்குறப்ப, போயிட்டு இருக்கப்ப திடீர்னு ஆக்சிலரேட்டரை விட்டா த்ராட்டில் மூடிக்கும், ஆனா டர்போ சுத்திட்டே இருக்கும், டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்க பைப்பு, இன்டர்கூலர் (அழுத்தின காத்தைக் குளிர வைக்குறது) எல்லாத்துலயும் அழுத்தமான காத்து போக இடம் இல்லாம மாட்டிக்கும். அது திரும்பி டர்போவோட கம்ப்ரசர் வீல் மேலயே மோதினா "துதுதுது"ன்னு சர்ஜ் சத்தம் வரும், வீல் வேகம் குறையும், பேரிங்குக்கும் நல்லது இல்ல. அதனால வால்வ் ஒண்ணு வச்சு அந்தக் காத்தை விடுறாங்க. கம்பெனி என்ன பண்ணியிருக்குன்னா, விடுற காத்தை வெளிய விடாம மாஃப் சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருக்க இன்டேக் பைப்புக்கே திருப்பி அனுப்புது. எண்ணின காத்து எண்ணின காத்தாவே சுத்திட்டு இருக்கும், கணக்கு தப்பாது. என் வண்டியில முந்தின ஓனர் அதைக் கழட்டிட்டு நேரா வெளிய விடுற பிஓவியைப் போட்டு, இன்டேக் பைப்ல இருந்த ஓட்டையை ரப்பர் கார்க்கு வச்சு கிளிப் போட்டு அடைச்சிருந்தார்.

எவ்வளவு பெட்ரோல் மிஞ்சும்னு உக்காந்து ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். பைப்பும் இன்டர்கூலரும் சேர்த்து சும்மா 5 லிட்டர்னு வச்சுக்குங்க, பூஸ்ட் 0.6 பார். வெளிய போற காத்து வெளி அழுத்தத்துல 3 லிட்டர் வரும், எடைன்னு பாத்தா சுமாரா 3.5 கிராம். அதுக்கு உண்டான பெட்ரோல் கால் கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. கால் கிராம்தானேன்னு தோணும். ஆனா இந்த இன்ஜின் ஐடில்ல நொடிக்கு 3 கிராம் பக்கம்தான் காத்து இழுக்கும், அதுக்கு 0.2 கிராம் பெட்ரோல்தான். அப்ப ஒரு தடவை "ப்ஷ்ஷூ"ன்னா, ஐடில்ல ஒரு நொடிக்கு மேல ஓடுறதுக்கான பெட்ரோல் மொத்தமா எக்ஸ்ட்ராவா உள்ள விழலாம், அதுவும் இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிட்டு இருக்க அந்த நேரத்துல. நனைஞ்சு போன பிளக் எப்படிப் பத்தவைக்கும்? அதான் குலுக்கல், அதான் ஆஃப் ஆகுறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் சூட்டுல பத்தினா "டப்". அதே பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள எரிஞ்சா உள்ள இருக்க செராமிக் சூடாகி உருகிப் போற அளவுக்குப் போகும், அந்த விலையைக் கேட்டா சத்தமே பிடிக்காமப் போயிடும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேர் இதைப் பாக்காமதான் "எனக்கு ஒண்ணும் தெரியலையே"ங்கிறாங்க. கியர்ல இருக்கப்பவே காலை முழுசா எடுத்தா, ஆர்பிஎம் மேல இருக்க வரைக்கும் இசியு இன்ஜெக்டரையே நிறுத்திடும். அப்ப காத்து கணக்கு தப்பினாலும் பெட்ரோலே விழாததால ரிச் ஆக வழியில்ல. அதனால பைபாஸ்ல நீளமா ஓட்டுறவங்களுக்கு பெருசா தெரியாது. மாட்டுறது எங்கன்னா கியர் மாத்துற அந்த அரை நொடி, டிராஃபிக்ல பாதி மிதிச்சு பாதி விடுறப்ப, அப்புறம் கிளட்சை மிதிச்சு ஐடிலுக்கு வர்றப்ப. இன்னொண்ணும் இருக்கு, காலியான பைப்பை டர்போ திரும்ப நிரப்புறப்ப அந்தக் காத்தும் மாஃப் வழியாத்தான் வரும், சிலிண்டருக்குப் போறதுக்கு முன்னாடியே கணக்குல ஏறிடும், கியர் போட்டு மிதிச்சதும் ஒரு திணறல் வர்றதுல அதுக்கும் பங்கு இருக்கு.

சரி, அப்ப லீன் கோடு எங்க இருந்து வந்துச்சு? வால்வோட மேல் அறைக்கு இன்டேக் மேனிஃபோல்டுல (த்ராட்டில் தாண்டி சிலிண்டருக்குக் காத்தைப் பிரிச்சு அனுப்புற குழாய்) இருந்து ஒரு சின்ன ஹோஸ் போகும். ஐடில்ல மேனிஃபோல்டுல நல்ல வேக்கம், அதாவது வெளிக்காத்தை விடக் கம்மி அழுத்தம், இருக்கும், அது வால்வைத் திறக்கப் பாக்கும், ஸ்பிரிங்தான் அதை மூடியே வச்சிருக்கணும். என் வண்டியில ஸ்பிரிங் ரொம்ப சாஃப்ட், ஐடில் வேக்கத்துக்கே வால்வ் திறந்துக்கிச்சு. மாஃப் வழியா, ஃபில்டர் வழியா, டர்போ வழியா சுத்தி வர்றதை விட அந்த ஓட்டை வழியா வர்றது காத்துக்கு சுலபம், அதனால எண்ணாத காத்து உள்ள வருது, பெட்ரோல் பத்தல, லீன். கம்பெனி மாடல்ல வால்வ் ஐடில்ல திறந்தா கூட பிரச்சனை இல்ல, ஏன்னா அதோட வாய் இன்டேக் பைப்புக்குள்ளதான் இருக்கு. இதை விட எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா அந்த ஓட்டை வழியா வர்ற காத்து ஃபில்டரைப் பாக்காத காத்து, நம்ம ரோட்டுப் புழுதி நேரா சிலிண்டருக்கு.

இப்ப ஊட்டிக்கு வருவோம். கோவை கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். மேல வெளிக்காத்தோட அழுத்தமே கோவையை விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஐடில் ஓட இன்ஜினுக்கு மேனிஃபோல்டுக்குள்ள தேவைப்படுற அழுத்தம் கிட்டத்தட்ட அதேதான், அப்ப உள்ளுக்கும் வெளிக்கும் இருக்க வித்தியாசம் மேல குறையும். கோவையில மெர்க்குரி கணக்குல 18 இன்ச் பக்கம் இருக்க வேக்கம் ஊட்டியில 13 பக்கம் வந்துடும். சாஃப்ட் ஸ்பிரிங்கா இருந்தாலும் 13க்கு அது திறக்கல, வால்வ் மூடியிருந்துச்சு, ஐடில் நின்னுச்சு. குளிர் ஒண்ணும் பண்ணல.

விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டியோட இசியுவைப் படிக்குற சாஃப்ட்வேர்) கேபிள் போட்டுப் பாத்தா இது இன்னும் தெளிவா இருந்துச்சு. மெஷரிங் பிளாக் 032ல ரெண்டு நம்பர் வரும், முதலாவது ஐடில் கரெக்‌ஷன், ரெண்டாவது ஓட்டத்துல இருக்க கரெக்‌ஷன். எனக்கு முதலாவது பிளஸ் 6 பக்கம், ரெண்டாவது கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அதாவது ஐடில்ல மட்டும் இசியு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி சமாளிக்குது. மாஃப் சென்சாரே செத்திருந்தா ரெண்டாவது நம்பரும் எகிறியிருக்கும். அப்ப, கியர் மாத்துறப்ப வர்ற ரிச் ஏன் நம்பர்ல இல்ல? அது கண் சிமிட்டுற நேரத்துல வந்து போயிடும், லாங் டெர்ம் கரெக்‌ஷன் நிதானமான ஓட்டத்துலதான் கத்துக்கும். அதனால "ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டல, பிஓவி ஓகே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பிளக்கைக் கழட்டிப் பாருங்க, கரி சொல்லிடும்.

சரி பண்ணுறது சின்ன வேலை. பழைய மாதிரி திருப்பி அனுப்புற பாஷ் கம்பெனி வால்வ் ஒண்ணு, ரெண்டு கிளிப், ஒரு துண்டு ஹோஸ். இன்டேக் பைப்ல இருந்த அந்த ரப்பர் கார்க்கைப் பிடுங்கிட்டு ஹோஸை மாட்டினோம். இந்த பாஷ் வால்வுல உள்ள இருக்கிறது ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிசான சவ்வு), வயசானா கிழியும், அதனால பழசு வாங்கினா கடையிலேயே ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க: அடியில இருக்க மூடியை விரலால உள்ள அழுத்துங்க, மேல இருக்க சின்ன நிப்பிளை இன்னொரு விரலால அடைங்க, இப்ப அழுத்தின விரலை எடுங்க. மூடி உள்ளயே நிக்கணும். மெதுவா கீழ இறங்கி வந்துச்சுன்னா டயாஃப்ரம் ஓட்டை, காசு குடுக்காதீங்க. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில இருந்து எனக்கு முதல்ல வந்ததே அப்படி இறங்கிதான் வந்துச்சு, திருப்பி அனுப்பி வேற வாங்கினேன்.

மாட்டினதும் எரர் கோடை அழிச்சிட்டு, பழைய கரெக்‌ஷனை ரீசெட் பண்ணிட்டு, கொஞ்ச நாள் சாதாரணமா ஓட்டி இசியுவைத் திரும்பக் கத்துக்க விட்டேன். முதல் நம்பர் ஒண்ணு, ஒன்றரைக்கு வந்து நின்னுடுச்சு. சிக்னல்ல ஆஃப் ஆகுறது சுத்தமா போச்சு. மைலேஜ் சிட்டியில ரெண்டு கிலோமீட்டர் கூடுச்சு, அது முழுக்க இதனாலயான்னு சத்தியம் பண்ண மாட்டேன், பிளக்கையும் அதே சமயம் சுத்தம் பண்ணினோம். அப்படியே சோப்பு நுரை தடவி பைப்பு ஜாயின்ட் எல்லாத்தையும் லீக் பாத்தோம், ஏன்னா பூஸ்ட் பைப்ல எந்த ஜாயின்ட் லீக் ஆனாலும் கதை இதேதான்: பூஸ்ட்ல எண்ணின காத்து வெளிய, ஐடில்ல எண்ணாத காத்து உள்ள. பிஓவியே இல்லாத வண்டியில கூட தளர்ந்த ஒரு கிளிப் இதே நாடகத்தை ஆடும்.

இனி அந்த "எனக்கு ஒண்ணும் ஆகல" கட்சி. அவங்க வண்டியில மாஃப் இல்லாம மேப் சென்சார் மட்டும் இருக்கலாம். மேப், வர்ற காத்தை எண்ணாது, மேனிஃபோல்டுக்குள்ள இப்ப என்ன அழுத்தம், என்ன சூடுன்னு பாத்து, ஆர்பிஎம்மையும் சேர்த்து, சிலிண்டருக்குள்ள எவ்வளவு காத்து போகும்னு இசியு கணக்குப் போடும். த்ராட்டிலுக்கு முன்னாடி நீங்க காத்தை வெளிய விட்டா என்ன, வச்சுக்கிட்டா என்ன, மேனிஃபோல்டுல இருக்கிறதைத்தானே அது பாக்குது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவோட இப்போதைய 1.0 டிஎஸ்ஐ இந்த வகை. டொயோட்டா சூப்ராவோட 2ஜேஇசட் டர்போ இன்ஜின்ல ஜப்பான்ல வித்ததுக்கு மேப், அமெரிக்காவுக்குப் போனதுக்கு மாஃப். ஒரே இன்ஜின், ஒரே பிஓவி, ரெண்டு ஊர்ல ரெண்டு அனுபவம். அதனால யூடியூப் வீடியோ பாத்து வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஃபில்டர் பாக்ஸ் தாண்டி வர்ற பைப்ல ஒயர் பிளக்கோட ஒரு சென்சார் உக்காந்திருக்கான்னு பாருங்க. அங்க ஒண்ணும் இல்லாம, மேனிஃபோல்டு மேலயும் இன்டர்கூலர் பைப் மேலயும் மட்டும் சென்சார் இருந்தா பெரும்பாலும் மேப்தான்.

மாஃப் வண்டியில சத்தமும் வேணும், மிக்ஸரும் கெடக்கூடாதுன்னா வழி இருக்கு. வெளிய பாதி, உள்ள பாதி விடுற வால்வ் கிடைக்குது, அதுல பிரச்சனை குறையும், போகாது. மாஃப் சென்சாரையே இன்டர்கூலர் தாண்டி, பிஓவிக்கு அப்புறமா, த்ராட்டில் பக்கம் மாத்துறவங்க இருக்காங்க, அப்ப வெளிய போனது போக மிச்சம்தான் எண்ணப்படும், ஆனா அதுக்கு டியூனிங் தெரிஞ்ச ஆள் வேணும். எனக்கு கேட்டா, கம்பெனி வால்வோட ஒரு நல்ல கோன் ஃபில்டர் போடுங்க, வெயிலுக்கு ஹீட் ஷீல்டும் சேர்த்து, உள்ள திரும்பிப் போற காத்தோட சத்தமே ஓரளவு வெளிய கேக்கும். திரும்பிப் பாக்க வைக்காது, ஆனா உள்ள உக்காந்திருக்க நமக்குக் கேக்கும். ஃபில்டர் மாத்துறப்ப மாஃப் உக்காந்திருக்க பைப்போட அளவு மட்டும் மாறக்கூடாது, மாறினா அளவே தப்பாயிடும், எண்ணெய் தடவுற ஃபில்டரா இருந்தா எண்ணெயை அள்ளி ஊத்தாதீங்க, சென்சார் மேல படியும்.

டீசல் ஸ்விஃப்ட்ல பிஓவி கிட் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு: டீசல்ல பெட்ரோல் மாதிரி காலை எடுத்ததும் காத்தை அடைக்குற த்ராட்டில் கிடையாது, அதனால மாட்டிக்கிற காத்தும் கிடையாது, விடுறதுக்கு வால்வும் தேவையில்ல. கடையில விக்குறது பெடல்ல ஸ்விட்ச் வச்சு கரன்ட்ல திறக்குற ஒண்ணு, இன்ஜினுக்குப் போக வேண்டிய பூஸ்ட்டை சத்தத்துக்காக வீணாக்குறது. அது சரியா மூடாம லீக் ஆனா மிதிக்கிறப்ப காத்து பத்தாம கரும்புகை வரும், எஃப்சி எடுக்கப் போறப்ப புகை டெஸ்ட்ல நீங்கதான் பதில் சொல்லணும்.